அறுந்த கோட்டை ஒட்டவைக்காத ஜெசிந்தா

இம்போர்ட் முடிந்தது என்று திரையில் வந்தது. கிராஃபைத் திறந்தால் ஒரு கோடுகூட இல்லை. கடலூரில் நான் வேலை பார்த்த நிலத்தடி நீர்க் கண்காணிப்பு நிறுவனத்தின் மேனேஜர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, இத்தினி வருஷத்து டேட்டாவும் எங்க போச்சு? நாளான்னிக்கு சிதம்பரத்துல கூட்டம். வெறுங்கையோட போறதா?"

புவனகிரிக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பேறிக்கொண்டிருந்தது. குடிநீருக்குப் புது போர் எங்கே போடுவது என்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவு. உப்பை அளக்கும் சென்சார்களின் பழைய ரீடிங்குகளைப் புது டேட்டாபேஸில் ஏற்றும் வேலை எனக்கு.

எங்கள் டேட்டாபேஸ் அட்மின் ஜெசிந்தா எழுந்து வந்தார்.

"ரிடென்ஷன் எவ்ளோ வச்சிருக்கு, பாக்கலாமா சார்?"

அந்த டேட்டாபேஸ் ஒவ்வொரு ரீடிங்கின் தேதியையும் பார்க்கும். ரிடென்ஷன் என்று நாம் வைத்திருக்கச் சொன்ன காலத்தைவிடப் பழசு என்றால் சத்தமில்லாமல் கழித்துவிடும். அன்றாட ரீடிங்குக்கு வைத்திருந்த ஒரு வருஷக் கெடுவே இதற்கும் இருந்தது. ஜெசிந்தா பழையவற்றுக்கென்று பக்கெட் என்னும் தனிச் சேமிப்பிடம் திறந்து, எதுவும் அழியாதபடி செட்டிங்கை மாற்றினார். மாத வாரியாக ஏற்றினார். ஃபைலில் இருந்த எண்ணிக்கையும் உள்ளே போன எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே அடுத்த மாதத்தைத் தொட்டார். அத்தனை அவசரத்தில் அப்படி ஒரு நிதானத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

கோடு வந்தது. ஆனால் நடுவில் அறுந்திருந்தது. வெள்ளத்தில் சென்சார்கள் மூழ்கிக் கெட்டுப்போன வாரங்கள் அவை.

மேனேஜர் முகம் சுளித்தார். "அசிங்கமா இருக்கும்மா. ரெண்டு முனையையும் சேத்து இழுத்துவுட்டுரு. அதுக்குத்தான் ஆப்ஷன் இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா அப்ப உப்பு ஏறுச்சா எறங்குச்சான்னு நமக்கே தெரியாது. தெரியாததக் கோடா போட்டா, அத நம்பித்தான் போர் போடுவாங்க. குடிக்கப்போறது அவுங்க புள்ளைங்க."

"கேள்வி வந்தா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

சிதம்பரம் கூட்டத்தில் கேள்வி வந்தது. முன்வரிசையில் ஒரு விவசாயி அம்மா எழுந்து, "நடுவுல ஏம்மா காணும்? எதுனா மறைக்கிறீங்களா?" என்றார்.

ஜெசிந்தா மைக்கை வாங்கினார். "வெள்ளத்துல மெஷின் மூழ்கிப்போச்சும்மா. அந்த வாரத்து ரீடிங் எங்ககிட்ட இல்ல. இல்லாதத நாங்க போடல."

அந்த அம்மா சொன்னார்: "எங்க ஊட்டுலயே இடுப்பு மட்டும் தண்ணி நின்னுச்சு. மெஷின் மட்டும் பொழைக்குமா? சரி, மிச்சத்தக் காட்டும்மா."

அதன்பின் யாரும் கிராஃபைச் சந்தேகிக்கவில்லை. கடலை ஒட்டிப் போடுவதாக இருந்த போரை மேற்கே தள்ளி அமைக்க முடிவானது. திரும்பும் வழியில் மேனேஜர் ஜெசிந்தாவுக்குத் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். இம்போர்ட்டுக்கு முன் ரிடென்ஷனைப் பாருங்கள். எண்ணிக்கையைச் சரிபாருங்கள். சென்சார் சொல்லாததை நீங்கள் சொல்லாதீர்கள். முதல் இரண்டும் மேனுவலிலேயே இருக்கின்றன. மூன்றாவதற்கு மேனேஜர் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருந்தது.