டிரம் சாண்டரும் மகளின் மூச்சும்

என் மகளுக்கு இழுப்பு வருவது இந்த மலையின் ஈரத்தாலா, நான் பறக்கவிடும் மரத்தூளாலா? போன மழைக்காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இன்னும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமலேயே ஒரு இயந்திரம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில், தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டோடு சேர்த்து ஒரு கார் ஷெட் கட்டியிருக்கிறார்கள். எங்களிடம் கார் கிடையாது. அதனால் அது என் மரப்பட்டறை ஆகிவிட்டது. அங்கிருந்து சமையலறைக்குள் வர நேராக ஒரு கதவு உண்டு. வெயில் அடித்தால் ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு வேலை செய்வேன், தூள் வெளியே போய்விடும். மூடுபனி இறங்கிவிட்டால் எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், நாங்களும்தான். அப்போது ஷெட்டில் என்ன காற்றோ, அதுதான் சமையலறையிலும், அதுதான் பாப்பா தூங்கும் அறையிலும்.

கல்யாணத்துக்கு முன் கோவையில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்குக் குன்னூர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது, பிறகு பாப்பா வந்தாள். அவள் ஏறி நின்று கை கழுவ ஒரு முக்காலி வேண்டும் என்று தேடினேன். கடையில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக். அறுவை மில்லில் சில்வர் ஓக் துண்டுகள் வாங்கி வந்து நானே செய்தேன். தேயிலைக்கு நிழலாக நட்ட மரம் என்பதால் இங்கே எளிதில் கிடைக்கும். முக்காலி கொஞ்சம் ஆடியது. இரண்டாவதாகச் செய்தது ஆடவில்லை. அது ஒரு சந்தோஷம். அப்படியே தட்டு, ஸ்டூல், குட்டி மேசை என்று போய்விட்டது.

மேசைக்கு அகலமான பலகை கிடைக்காது. குறுகலான துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிக் காய்ந்தபின் மேலே மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை மட்டமாக்குவதுதான் உண்மையான வேலை. கைக்குள் அடங்கும் சின்ன மின்சார சாண்டரில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துக்கொண்டே இருப்பேன். விரல் மரத்துப் போகும். தூள் மாவு போலப் பறந்து புருவத்தில், காதில், காயப்போட்ட பாப்பாவின் ஸ்வெட்டரில் எல்லாம் உட்காரும்.

பக்கத்து வீட்டு அக்கா தேயிலை பேக்டரியில் வேலை செய்பவர். ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா தங்கச்சி இது, மரத்த நீ தேய்க்கிறியா, மரம் ஒன்னத் தேய்க்குதா? தல பூரா நரச்சு நிக்கிற!"

"தூசிக்கா. உள்ள வாங்க."

"வேணாம்மா. பேக்டரில எலத் தூசி, ஒங்க ஊட்டுல மரத் தூசி. இன்னிக்கித் தும்முனது போதும் எனக்கு."

சிரித்தேன். அந்த வாரம்தான் பாப்பாவுக்கு முதல் முறையாக இழுப்பு வந்தது. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. குன்னூரில் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் புகைக்கருவியை வைத்து அவள் மூச்சு சீரானதும் டாக்டர் வரிசையாகக் கேட்டார்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா? நாய், பூனை? ஊதுபத்தி?"

"இல்லீங்க டாக்டர். மரவேலை நடக்குது."

"உங்க வீட்டுக்காரர் செய்றாரா?"

"நான்தாங்க செய்றேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தூசியக் குறைங்க. ஆனா அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இந்தப் பனியில எங்கிட்ட வர்ற குழந்தைங்கள்ல முக்கால்வாசி இழுப்போடதான் வருது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எதை நிறுத்த வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

தூசியைக் குறைக்க என்ன வழி என்று தேடியபோதுதான் டிரம் சாண்டரைக் கண்டுபிடித்தேன். கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உருளைக்கு அடியில் கரும்பு நுழைவது போல, இதில் பலகை நுழையும். உருளையில் உப்புத்தாள் சுற்றியிருக்கும். அடியில் ஓடும் பெல்ட் பலகையை மெல்ல இழுத்துக்கொண்டு போக, மேடெல்லாம் தேய்ந்து மறுபக்கம் மட்டமாக வெளியே வரும். முக்கியமான விஷயம், உருளைக்கு மேலே மூடி உண்டு. மூடியிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் இன்னொரு இயந்திரம். வீடியோக்களில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் அழுக்கே படாமல் வேலையை முடிக்கிறார்கள். பாப்பா மத்தியானம் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, பாப்பாவைச் சேர்க்க நினைத்திருந்த மழலையர் பள்ளியிலிருந்து குட்டி மேசைகள் கேட்டார்கள். முடியாது என்று சொல்ல வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்து கவலைப்பட ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, வாங்கிரலாமுங்களா?" என்று கணவரைக் கேட்டேன்.

"வாங்கறதப் பத்தி இல்ல. அவ்வளவு பெரிய மிஷினக் கொண்டாந்து ஷெட்டுல நிறுத்தீட்டு, அப்புறம் இது சரியில்லைன்னு நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்ப. மிக்ஸி வாங்கறப்பவே நாலு தடவை மாத்துனவ நீ."

"மூணு தடவைதானுங்க."

"சரி, மூணு. மேட்டுப்பாளையத்துல உங்கக்கா ஊட்டுக்கிட்ட ஒரு பட்டறை இருக்குதல்ல? அங்க அந்த மிஷின் இருக்குதாம். மேசைப் பலகையெல்லாம் அங்க ஒரு வாட்டி தேச்சு வாங்கிப் பாரு. நல்லா இருந்தா அப்புறம் முடிவு பண்ணலாம்."

நியாயமாகப் பட்டது. எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. பாப்பாவோடு மேட்டுப்பாளையத்தில் என் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கினால், தூசி இல்லாத இடத்தில் அவளுக்கு இழுப்பு வருகிறதா என்று பார்க்கலாம். பலகைக்கும் சோதனை, பாப்பாவுக்கும் சோதனை.

ஒட்டி வைத்திருந்த பலகைகளை வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பர்லியார் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். பட்டறைக்காரர் பெரியவர், வெற்றிலை வாயோடு வந்து பலகைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, கீழ இருந்து மலைக்கு மரம் போயித்தான் பாத்திருக்கறேன். இதென்ன, மலை எறங்கி வந்திருக்குது?"

"உங்க மிஷினப் பாக்கறதுக்குத்தானுங்க வந்திருக்குது."

"அப்பிடியா? பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குதே. வெச்சுட்டுப் போங்க. முன்னால கொஞ்சம் வேலை கெடக்குது. வார கடைசில வாங்க."

தகரக் கூரைக்கு அடியில், வெயிலின் சூட்டில் பலகைகள் அந்த வாரம் முழுக்கக் கிடந்தன. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாரக் கடைசியில் என் கண்ணெதிரில்தான் தேய்த்தார். உள்ளே போனது, வெளியே வந்தது, அவ்வளவுதான். இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தேன், அடியில் வெளிச்சம் நுழைய இடமில்லை. நான் நாள்கணக்கில் தேய்க்கும் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பலகையைத் தடவிப் பார்த்த பாப்பா அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. பார்த்தீர்களா, தூசிதான் காரணம், இந்த இயந்திரம்தான் மருந்து என்று எனக்குள் கணக்கு முடிந்துவிட்டது.

கணவருக்கு போனில் சொன்னேன். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நாங்கள் திரும்பும் நாளன்று, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, காலையிலேயே எழுந்து ஷெட்டைச் சுத்தம் செய்துவிட்டார். ஈரத்துணியால் துடைத்து எடுக்கவில்லை. விளக்குமாறு. கூரைச் சட்டத்தில் மாதக்கணக்காகப் படிந்திருந்த தூளையும் விடாமல் தட்டிப் பெருக்கியிருக்கிறார். மழை தூறியதால் ஷட்டரையும் சாத்தி வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முகமெல்லாம் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி இருக்குது? பளபளன்னு இருக்குதல்ல?"

அந்தச் சிரிப்பைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? "நல்லா இருக்குதுங்க" என்றேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாப்பாவுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வெளியே கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. உள்ளே அவர் கிளப்பிய தூள். இரண்டில் எது? டாக்டர் சொல்லி வாங்கி வைத்திருந்த புகைக்கருவியை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே அவள் நன்றாக இருந்ததற்கும் இதே சிக்கல்தான். அங்கே தூசியும் இல்லை, பனியும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றிவிட்டால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? என் மாணவர்கள் இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

பலகைகளும் சும்மா இருக்கவில்லை. ஷெட்டின் சிமென்ட் தரையில் பரப்பி வைத்திருந்தேன். சில நாள் கழித்து ஒரு பலகையில் பாப்பா கோலிக்குண்டை வைத்தாள். அது நடுவுக்கு உருண்டு வந்து நின்றது. மறுபடி ஓரத்தில் வைத்தாள். மறுபடியும் நடுவுக்கு வந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. ஸ்கேலை வைத்துப் பார்த்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் ஓரம் தூக்குவது போலப் பலகையும் தூக்கிக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரருக்கு போன் செய்து, உங்கள் இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றேன்.

"ஏனுங்க அம்மிணி, நீங்களேதான ஸ்கேல் வெச்சுப் பாத்தீங்க? எங்கிட்ட இருந்து போறப்ப மட்டமாப் போச்சு. உங்க ஊருல என்னத்த ஊட்டுனீங்களோ, ஊதிப் போச்சு" என்று சிரித்தார்.

ஊட்டியது இந்த ஊரின் ஈரம். கீழே வெயிலில் கிடந்து சுருங்கிய மரத்தைச் சுருங்கியபடியே மட்டமாக்கி, மலைக்கு ஏற்றி வந்திருக்கிறேன். இங்கே அது ஈரத்தைக் குடித்து, ஈரத் தரையில் ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் அதிகமாகவும் மேல்பக்கம் குறைவாகவும் விரிந்துவிட்டது. எங்கள் குளியலறைக் கதவு மழைக்காலத்தில் சாத்த வராது, ஏப்ரலில் தாழ்ப்பாள் எட்டாது. உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்கிறேன். இவ்வளவும் தெரிந்த எனக்குப் பலகை விஷயத்தில் மட்டும் தோன்றவில்லை. கணவரிடம் சொன்னபோது, "அப்ப மிஷின் மேல குத்தமில்ல. வேணும்னா அது இங்கயே இருக்கோணும், கீழ இருந்து பிரயோசனமில்ல. அவ்வளவுதான?" என்றார். அவ்வளவுதான். ஆனால் இங்கேயே என்றால், சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம்.

மேசைகளைக் கொடுத்தாக வேண்டுமே. பலகைகளைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி இடைவெளி விட்டு வைத்தேன். பெரும்பாலானவை மெல்ல மெல்ல மட்டத்துக்குத் திரும்பின. மீதி மேட்டைக் கையால் தேய்த்தேன். ஷெட்டில் தேய்க்கவில்லை. வெயில் வந்த முற்பகல்களில் மட்டும், வெளியே துணி துவைக்கும் கல்லில் வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு தேய்த்தேன். பேக்டரியில் லீவு கிடைத்த நாளெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

"நீ தேய்ச்சு முடி. புள்ள எங்கிட்ட இருக்கட்டும். ஆனா ஒண்ணு, எனக்கும் ஒரு முக்காலி வேணும். ஆடாதது."

மேசைகளைக் கொடுத்தாகிவிட்டது. குழந்தைகள் அதன் மேல் களிமண் உருட்டுகிறார்கள். இன்னும் சில வேண்டும் என்று கேட்கிறார்கள். வெயிலுக்குக் காத்திருந்தால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை நான் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

கணவர் வாங்கச் சொல்கிறார். "நீ இந்த வேலைய விட்டுரோணும்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். விட்டால் நல்லது என்று நினைக்கிறாரோ என்று எனக்குத்தான் தோன்றுகிறது. வாங்கினால் கையில் தேய்ப்பது குறையும், பறக்கும் தூளில் பெரும்பகுதி பைக்குப் போகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தூள் பையின் துணி வழியாகவே வெளியேறும் என்று படித்தேன். நுரையீரல் வரை போவது அந்தத் தூள்தானாம். இன்னொரு பயமும் உண்டு. வேலை சுலபமானால் நான் நிறையச் செய்வேன். குறைவான தூசியை நிறைய நாள் கிளப்பினால் கடைசியில் எது அதிகம்?

அதனால் இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையில் டிரம் சாண்டர் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தூள் உறிஞ்சியோடு ஓட்டியபின், பக்கத்து அறை அலமாரியில் விரலை வைத்துப் பார்த்தால் தூள் படிகிறதா, இல்லையா? ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் மாதிரி ஈர ஊரில் இருப்பவர் சொன்னால் இன்னும் நல்லது. இழுப்பு உள்ள குழந்தையை வளர்த்தவர்களும் சொல்லுங்கள், எத்தனை வயதில் அது தணிந்தது, அதுவரை நீங்கள் எதை ஒதுக்கி வைத்தீர்கள்? இப்போதைக்கு வேண்டாம், பாப்பா வளரட்டும் என்பதுதான் உங்கள் பதில் என்றால், என் மனம் நோகும் என்று பார்க்காமல் அதையும் நேராகவே எழுதுங்கள்.