பரப்பு 2.0

யாழ்ப்பாண நகரிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்று, காணிப் பதிவு முறைமைக்கு வரைவிலக்கணங்கள் எழுத, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னை அழைத்திருந்தது. அங்கே ஒரு சொல்லுக்கு எழுதும் முதல் பொருள் 1.0 என எண் பெறும். வெளியிட்டபின் அதனை எவரும் அழித்தெழுத இயலாது. சொற்களை மட்டும் செப்பஞ்செய்தால் புள்ளிக்குப் பின்னுள்ள எண் கூடும். பொருளே மாறினால் முன்னுள்ள எண் கூடும். உரையாசிரியர் பலரிடத்தும் நான் காணாத நேர்மை அது.

'பரப்பு' என்பதற்குப் 'பத்துப் பேர்ச் கொண்ட நில அளவு' என்று வரைந்தேன். வீட்டுக்காணியும் தோட்டக்காணியுமே உடைய வலிகாமத்துக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் உறுதிப் பத்திரங்களில் இருப்பது பத்துப் பேர்ச் கொண்ட வரகுப் பரப்பு. வயலுக்குரிய நெற்பரப்பு பதினைந்து பேர்ச் என்பதை அறிவேன். எழுதுகையில் நினைவில் எழவில்லை.

உறுதிகளைப் பார்த்துப் பதிவுசெய்யும் தென்மராட்சிப் பெண்ணே அதைக் கண்டுபிடித்தார்.

"ஐயா, அப்பான்ரை வயலிலை மூண்டிலை ஒரு பங்கைக் காணேல்லை. நீங்களோ கொண்டு போனது?"

நெல், வரகு இரண்டையும் பிரித்து உடனே புதிதாக எழுதினேன். முகாமையாளர் வந்து என் தோளருகே நின்றார்.

"1.1 எண்டு போடுவம் ஐயா. ஒருத்தருக்கும் தெரியவராது. உங்கடை பேரும் கெடாது."

அந்த எண்ணின் விளைவை நான் அறிந்திருந்தேன். 1.1 என்றால் பழைய பதிவுகள் யாவும் தாமாகவே புதிய வரைவிலக்கணத்தின்கீழ் வந்துவிடும். பரப்பின் வகை குறிக்கப்படாத அப்பதிவுகளை முறைமை வரகென்றே கொள்ளும். வயல்கள் குறைந்தபடியே கிடக்க, திருத்தப்பட்டவை போலத் தோன்றும். 2.0 என்றாலோ, ஒவ்வொரு பதிவும் பழைய எண்ணோடு நின்று, ஒருவர் உறுதியைப் பார்த்து மாற்றும்வரை காத்திருக்கும்.

"பொருள் மாறியிருக்கு. 2.0" என்றேன்.

"ஒரு புள்ளிக்கு அங்காலையோ இஞ்சாலையோ எண்டதுக்கு இவ்வளவு சண்டையோ? இந்த மாதம் கையளிக்க வேணும் ஐயா!"

"வரைஞ்சவன் ஒப்புக்கொள்ளாமல் வெளிவராது எண்டு விதி எழுதினது நீங்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டன்."

"அப்ப வேறை ஆளைப் பாப்பம்."

"பாருங்கோ. வாறவருக்கும் இதைத்தான் சொல்லுவன்."

அந்தப் பெண் தலைநிமிராமலே சொன்னார்: "வாற ஆளுக்கும் வயல் இல்லாமல் பாத்து எடுங்கோ அண்ணை."

மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், '1.0 பிழை. அதை எழுதியவன் நானே' என்று தட்டெழுதி, 2.0 என இட்டு வெளியிட்டேன். திரையில் பழைய பதிவுகள் ஒவ்வொன்றின் முன்னும் 'சரிபார்க்கவும்' என்ற சிவப்புக்குறி எழுந்தது. பக்கம் பக்கமாக அது நீண்டது.

"இவ்வளவையும் ஆர் விரிச்சுப் பாக்கிறது?" என்று முகாமையாளர் கத்தினார்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினேன்.

"முதல் உறுதிக் கட்டைத் தாங்கோ பிள்ளை."