சண்பகத் தொட்டியில் கிடந்த செதில்

சிவபூசைக்கு உரியவை என்று ஆன்றோர் வகுத்த எட்டு மலர்களில் நான்கை வீட்டின் பின்புறத்தில் வளர்த்து வருகிறேன். அலரி, வெள்ளெருக்கு, நந்தியாவட்டை மூன்றும் விருதுநகர் வெயிலுக்கென்றே பிறந்தவை. தை மாதம் அலரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனியில் மறுபடி தழைத்து நிற்கும்; உப்புத் தண்ணீரையும் குடித்துக்கொள்ளும். சண்பகம் அப்படியன்று. எங்கள் கரிசல் அதற்கு ஆகாதென்று செம்மண் வாங்கி, பெரிய சிமென்ட் தொட்டியில் வைத்து, பிற்பகல் நிழல் விழும் மூலையில் நிறுத்தியிருந்தேன். ஐந்து ஆண்டுகள் இலை விட்டது, இலை உதிர்த்தது, பூக்கவில்லை. அதன் முதல் மலரை மாசில்லாமல் ஈசனுக்குச் சேர்ப்பதாக நேர்ந்திருந்தேன். இந்த வயதில் வேறு பெரிய ஆசைகள் எனக்கு இல்லை.

சென்ற சித்திரையில் நானும் மனைவியும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டோம். அடுத்த வீட்டம்மாள் ஓய்வுபெற்ற நர்ஸ். தெருவுக்கே அவர் சிஸ்டர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனியில் திரும்பியபோது சண்பகத்தில் செம்பு நிறத்துத் தளிர்களும் ஐந்தாறு மொட்டுகளும் இருந்தன. கைகூப்பி நின்றேன். அப்போதுதான் தொட்டி மண்ணை ஒரு பூனை பறித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதை விரட்டிவிட்டுக் குனிந்தால், மண்ணில் நகம்போல ஏதோ மினுங்கியது. எடுத்தேன். விரலோடு ஒட்டிக்கொண்டது. மீன் செதில். அதன் கீழே பாதி மக்கிய தலையொன்று, கண்ணோடு.

பிறந்தது முதல் புலால் தொடாத கை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் அந்தப் பிசுபிசுப்பு போனதாகத் தோன்றவில்லை. அன்று சோற்றைப் பிசைந்தேனே தவிர, கையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து சிஸ்டர் குரல் கொடுத்தார். "ஒங்க சண்பகம் தொவண்டுபோய்க் கெடந்துச்சு அண்ணாச்சி. மீன் கழுவுன தண்ணியத்தான் ஊத்துனேன், ரெண்டு தலையையும் பொதச்சு வச்சேன். எம்புட்டுத் தெளிஞ்சிருக்கு, பாத்தீகளா?"

"சிஸ்டர், அது சாமிக்குன்னு வளக்குற செடி."

"தெரியும் அண்ணாச்சி. அதான் நல்ல மீனாப் பாத்துப் போட்டேன்."

வீட்டுக்குள் என் மனைவி சிரிப்பது கேட்டது.

அருவருப்பு முற்றினால் அறிவு நிற்பதில்லை. அன்று மாலையே சண்பகத்தை வேரோடு எடுத்து, மண் முழுவதையும் கொட்டி, நான்கு குடம் தண்ணீரில் வேரைக் கழுவினேன். சதைப்பற்றான வெள்ளை வேர்கள் விரலுக்குள்ளேயே முறிந்தன. திருமேனிக்கு நீராட்டுவதுபோல நினைத்துக்கொண்டு செய்தேன். புது மண்ணில் வைத்த மூன்றாம் நாள் மொட்டுகள் எல்லாம் கருகி விழுந்தன. ஆடிக் காற்று இலைகளைக் கொண்டுபோயிற்று. அலரி அதே காற்றில் பூத்துக்கொண்டிருந்தது.

"வாடை போயிருச்சுல்ல, இப்ப நிம்மதியா இருக்கீகளா?" என்றாள் மனைவி.

ஆவணியில் ஒரே ஒரு கிளையில், நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சுவரருகே போய் நின்றேன். சிஸ்டர் கேலி செய்யவில்லை. "வேரு நல்லாப் பிடிக்கட்டும். பொறவு மீன் கழுவுனதத் தண்ணியில கலந்து கொஞ்சங் கொஞ்சமா ஊத்துவோம். நானே வந்து ஊத்தட்டுமா?" என்றார். வேண்டாமென்றேன். கேட்டு வாங்கியவன் நான். பிறர் கையால் ஊற்றச் செய்துவிட்டு நான் தூய்மையாக இருப்பதாகப் பாவிப்பது பொய்.

புரட்டாசி பிறந்ததும், ஞாயிறுதோறும் அவர் மாதா கோயில் பூசை முடிந்து மீன் வாங்கிவந்து கழுவியபின், வாளி சுவரேறி வரும். இளஞ்சிவப்புத் தண்ணீர், மேலே செதில்கள், சுற்றிலும் ஈ. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஊற்றுவேன், உடனே தலைமுழுகுவேன். நாளாவட்டத்தில் பழகிவிடும் என்றார் சிஸ்டர். எட்டாவது ஞாயிறும் முதல் ஞாயிறு போலவே குமட்டியது.

ஐப்பசி மழையில் துளிர்கள் வந்தன. தீபாவளிக்கு மறுநாள் அவற்றின்மேல் வெடிமருந்துச் சாம்பல் படிந்திருந்தது. தெரு முழுக்க எரிந்த காகிதமும் கந்தக நெடியும். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தேன். துணி கறுத்தது, அதைத் தொட்ட கையையும் எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சோமவாரம் விடியலில் ஒரு பூ விரிந்தது. குளித்து, அதைப் பறித்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கோயிலுக்கு நடந்தேன். ஈசனுக்குரிய மலரை முகரக்கூடாது. வாழ்நாள் முழுவதும் மகிழ்ந்து காத்த விதி அது. அன்றோ, கையில் இருப்பது சண்பக மணமா வாளியின் நாற்றமா என்று அறியவும் வழியில்லை. மூச்சை அடக்கி அடக்கி விட்டேன். குருக்கள் அதை வாங்கித் திருமேனியில் சாத்தினார். கண்ணில் நீர் வந்தது; அது பக்தியால் மட்டும் வந்ததென்று சொல்லமாட்டேன்.

தீபாராதனைக்குப் பின் அதே பூவை எடுத்துப் பிரசாதமாக என் கையில் கொடுத்தார். இனி முகரத் தடையில்லை. இரண்டு முறை முகத்தருகே கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சுவருக்கு மேலாக நீட்டினேன்.

சிஸ்டர் முகர்ந்தார். "நல்ல வாசம் அண்ணாச்சி."

"மீன் வாடை இல்லையே?"

"இருந்தா எனக்குத் தெரியவா போகுது? நான் தெனம் திங்கிறவ." பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டார். "ஞாயித்துக்கெளம வாளியக் கொஞ்சம் கழுவித் தாங்க அண்ணாச்சி. போன வாட்டி செதிலோட அப்படியே வந்துருச்சு."