செம்பு கறுத்த வாரம்

சம்பந்தம் மாமாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவர் காதைப் பற்றித்தான் சொல்வார்கள். தாம்பரம் கடப்பேரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில், ஆர்மோனியத்தில் ஆரம்பித்துப் பியானோ வரைக்கும் பழுதுபார்த்த மனிதர். எட்டாவது வரை படிப்பு. இங்கிலீஷ் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு கம்பி மயிரிழை சுதி இறங்கியிருந்தாலும் முகத்தைச் சுளித்துவிடுவார். அந்தக் காதைப் புகழ எனக்கும் ஆசைதான். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் மூக்கைப் பற்றி. என் மூக்கையும் சேர்த்துத்தான்.

நான் தனக்கோடி. மாமா என் அக்கா சாமுண்டீஸ்வரியின் கணவர். தாம்பரம் மார்க்கெட்டில் எனக்கு அரிசி மண்டி. இரண்டு குடும்பமும் ஏர் பிடித்தவைதான். நிலமெல்லாம் மனைகளாகப் போனபின் நான் மூட்டையைப் பிடித்தேன், அவர் கம்பியைப் பிடித்தார். வீட்டுக்கு எதிரே இருந்த பட்டறைக் கொட்டகையின் நடுவே ஒரு சுவர் வைத்து, பின்பாதியை வாடகைக்கு விட்டிருந்தார். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும்.

பின்பாதியில் கோவளத்திலிருந்து வந்த வடிவேலுவும் அவன் மனைவி காந்தாவும் இருந்தார்கள். வடிவேலு முதல் ரயிலில் பீச் ஸ்டேஷன் போய், காசிமேட்டில் மீன் எடுத்து வருவான். காந்தா அதைக் கூடையில் வைத்து விற்கப் போவாள். அவள் போனதும் அவன் தூங்குவான். நடுச்சுவர் குளிர்ச்சியாக இருக்கும் என்று அதில் தலையை ஒட்டிக்கொண்டுதான் தூங்குவான். மாமா இந்தப்பக்கம் கம்பியை மீட்டினால் அந்தப்பக்கமிருந்து இரண்டு குத்து விழும்.

"இன்னா வூட்டுக்கார், மனுசன் தூங்க வாணாமா?"

"நீ தூங்கறதுக்காக நான் தொழிலை விடணுமாடா?" என்று மாமாவும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் பதிலுக்குத் தட்டுவார். தட்டிவிட்டு, சத்தம் வராத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். அவர்கள் இருவரும் எதிரே பார்த்தால் அதிகம் பேசியதில்லை. எல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான்.

தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் பல்லாவரத்திலிருந்து அந்தப் பெட்டி வந்தது. ஜீவரத்தினம் என்ற ஓய்வுபெற்ற டீச்சருடையது. கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்றார். தானாகவே வாசிக்கும் பழைய பியானோ. உள்ளே ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஒன்று ஓடும். காலால் மிதித்தால் துருத்தி காற்றை உறிஞ்சும். ஓட்டை எங்கே வருகிறதோ அங்கே கட்டை தானாக அமுங்கும். மாமா துருத்திக்குப் புது ரப்பர் துணி வைத்து வஜ்ரப் பசையால் ஒட்டினார். தடித்த கம்பிகளுக்குச் செம்புச் சுற்று அவரே சுற்றினார். மூன்று நாள் வேலை. பொன் வளையல் மாதிரி மின்னின.

ஒரு நாள் சுருளை மாட்டி மிதித்துப் பார்த்தார். விரல் படாமல் கட்டைகள் இறங்கி ஏறின. எட்டிப் பார்த்த காந்தா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணா, உள்ள யாரோ கீறாங்க. இந்தப் பொட்டி வாணாம், திருப்பி அனுப்பிடுங்க."

நாங்கள் சிரித்தோம். மறுநாள் அவள் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அதற்கும் சிரித்தோம். 

பெட்டியின் அடிக்கட்டையில் வண்டு இருந்தது. தினமும் காலையில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்கும். மண்ணெண்ணெய் பூசினால் ரப்பர் துணி கெட்டுவிடும். மாமா நேராக என் மண்டிக்கு வந்தார்.

"மச்சான், அரிசிக்குப் போடற மாத்திரை கொஞ்சம் குடு."

நெல்லோடு வளர்ந்தவனுக்கு வண்டு என்றால் அந்த மாத்திரைதான் நினைவுக்கு வரும். ஈரம் பட்டால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி கிளம்பி மூட்டைக்குள் இருக்கும் வண்டைக் கொல்லும். நாங்கள் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, கிடங்கைப் பூட்டி, ஐந்து நாள் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டோம். கிடங்கு தனியாக நின்றது. அதை ஒட்டி யாரும் தூங்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானே காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மாமா பெட்டியைத் தார்ப்பாயால் போர்த்தி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்து, பட்டறையைப் பூட்டினார். அன்றைக்கே அடைமழை பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை நாற்றம் வந்தது. பூண்டும் அழுகின மீனும் கலந்தது மாதிரி. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மீன்காரங்களுக்கு வாடகைக்கு விடாதீங்கன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

நானும் அங்கேதான் இருந்தேன். என் கிடங்கில் வருஷத்துக்கு நாலு தடவை இதே நாற்றத்தை முகர்ந்தவன் நான். இருந்தும் மீன்காரர் வாசலில் நின்றபோது எனக்கு மீன் மட்டும்தான் நாறியது.

மாமா போய்க் கத்தினார். "காந்தா, கூடையெல்லாம் வெளியில வை. ஜன்னலைச் சாத்து. நாங்க வீட்ல குடியிருக்கறதா வேணாமா?"

"மீனே இல்லண்ணா. புயல்னு மூணு நாளா யாரும் கடலுக்குப் போவல. கூடை காலியாத்தான் கீது."

"பழைய நாத்தம்தான் ஊறிக் கிடக்கே."

 அவள் கூடைகளை மழையில் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கோணியைத் திணித்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "என் புருசனுக்கு ரெண்டு நாளா வாந்திண்ணா. தல சுத்துதுன்னு பட்த்துகினு கீது. எனக்கும் மண்ட இடிக்குது. அந்தப் பொட்டி வந்ததுலேந்தே சரியில்ல."

"மழைக் காய்ச்சல்மா. கஷாயம் வச்சுக் குடு," என்றேன் நான், பெரிய வைத்தியன் மாதிரி.

சனிக்கிழமை காலையில் மாமா வீட்டுக்குப் போனேன். காந்தா அடிபம்பில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துதாண்ணா தேச்சேன். மறுபடியும் கறுத்துப் போச்சு பாருங்க. இது நல்லதுக்கில்ல."

நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். அவள் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வடிவேலு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தான்.

மத்தியானம் மாமா பட்டறையைத் திறந்தார். கொஞ்ச நேரம் காற்றாட விட்டுத் தார்ப்பாயை உருவினோம். மழைத்தண்ணீர் கூரை வழியே ஒழுகித் தார்ப்பாய் நனைந்திருந்தது. அடியில் வண்டுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. மாமாவுக்கு வாயெல்லாம் பல். மேல்மூடியைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. செம்புச் சுற்றுக் கம்பிகள் அத்தனையும் கரி பூசினது மாதிரி இருந்தன.

"மூணு நாள் உட்கார்ந்து சுத்தினது மச்சான்," என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. பக்கத்துக் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். "இரும்புக்கு ஒண்ணும் ஆகல. செம்பை மட்டும் தின்னிருக்கு."

"காந்தா வீட்டுக் குடமும் கறுத்திருக்கு மாமா."

என் வாய்தான் அதைச் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. இருவரும் சுவருக்கு மேலே அந்த ஒரு முழத்தைப் பார்த்தோம்.

மாமா சுவரில் இரண்டு குத்து குத்தினார். பதில் இல்லை. கொட்டாப்புளியால் தட்டினார். இல்லை. நான் பின்பக்கம் ஓடிக் கதவை இடிக்கத் தொடங்கினேன். மாமா என்னோடு வரவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார். பாட்டு கொட்டகை அதிரக் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் வடிவேலு ஒரு நாளும் தூங்கியதில்லை. எழுந்து திட்டுவான் என்று மாமா மிதித்துக்கொண்டே இருந்தார்.

நான் கதவை உடைத்தபோது அவன் சுவரில் தலையை ஒட்டியபடி கிடந்தான். உடம்பு ஆறிப்போயிருந்தது. அந்தப்பக்கம் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றாள் காந்தா. கெட்ட மீனாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கம்பிகளைத் திரும்பச் சுற்றி, கிறிஸ்துமஸுக்கு மாமா பெட்டியைக் கொடுத்துவிட்டார். ஜீவரத்தினம் டீச்சர் மிதித்தபோது எல்லோரும் கைதட்டினார்களாம். அதற்குப்பின் மாமா எட்டு வருஷம் தொழில் செய்தார். பின்பாதியை யாருக்கும் விடவில்லை. எந்தப் பியானோவையும் மீட்டுவதற்கு முன் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் நிற்பார். சுதி சேர்க்கிறார் என்று நினைத்தார்கள்.

இப்போது மாமாவும் போய்விட்டார். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது. அன்றைக்கு வடிவேலுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டைக் காலி செய்துவிட்டுக் காந்தா சாவி கொடுக்க வந்தாள். அக்கா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் பொட்டிதாண்ணா என் புருசன எட்த்துகினு பூட்ச்சு," என்றாள் மாமாவிடம்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. விதி," என்றேன் நான்.

அவள் சாவியைக் கீழே வைத்தாள். "எங்க மீன் நாத்தத்தால நீங்களும் ரொம்ப கஸ்டப்பட்டீங்க. மனசுல வச்சுக்காதீங்கண்ணா."

மாமா வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.