அக்கா நிரப்பிய கூப்பன்

என் அக்காவுக்கு நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது இருவருமே இல்லை. எண்பத்தேழு வயதில் இனி யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்?

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு சினிமாக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சந்துதான். மாட்டுவண்டி நுழையாது. கொட்டகையில் பேசுவது, பாடுவது, அழுவது எல்லாம் எங்கள் சமையலறைக்குள் அப்படியே கேட்கும். அக்கா இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்து எங்களிடம் வந்தவள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண் சினிமாவுக்குப் போனால் தெருவே பேசும். அவளும் போகவில்லை. அரிசி களைந்துகொண்டே, கேப்பை மாவு சலித்துக்கொண்டே ஒவ்வொரு படத்தையும் முப்பது நாற்பது தடவை கேட்டாள். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மதிய ஆட்டம் விட்டதும் பெண்கள் சந்துக்குள் வந்து எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். கொட்டகைக்குள் புழுக்கம், போதாததற்கு அழுகை. அக்கா ஒரு குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டு செம்பில் மொண்டு கொடுப்பாள். கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவர் வேலியோரம் நின்று கேட்பார்.

"இன்னா தங்கச்சி, புதுப் படம் எத்தினி குடம்?"

"அரைக் குடங்கூடப் போவலண்ணா. சும்மா கத்திக்கினு சண்ட போடறாங்க. அடுத்த வாரம் பெட்டியக் கட்டிடுவீங்க."

"உன் வாயில சர்க்கரயப் போட. மொதலாளி காதுல உழுந்தா என்னைக் கட்டி வுட்ருவாரு!"

அவள் சொன்னபடியே படப்பெட்டி ஊரைவிட்டுப் போய்விடும். இரண்டு குடம் தண்ணீர் போன படம் ஐம்பது நாளைத் தாண்டும்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். சென்னையில் ஆண்டுதோறும் பெரிய சினிமாப் பரிசளிப்பு விழா ஒன்று நடக்கும். யார் யாருக்குப் பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் போட்டியை ஒரு சினிமா வார இதழ் நடத்தியது. சிறந்த படம், நடிகர், நடிகை, இசை, வசனம், சிரிப்பு நடிகர் என்று கூப்பனில் ஆறு கட்டங்கள். மையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. எல்லாம் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த ஆண்டு விழாவில் முன் வரிசையில் இரண்டு நாற்காலிகள். கூடவே அவர் பெயர் இதழில் வரும்.

அந்த இதழை ரயிலில் படித்துவிட்டு வீட்டில் போட்டிருந்தேன். அக்கா கூப்பனைக் கத்தரித்து எடுத்துவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேனாவைக் கேட்டாள். ஐந்தாவது வரை படித்தவள். ஆறு கட்டங்களையும் தன் கையாலேயே எழுதினாள். நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

"என்னாக்கா, யானையும் சேனையுமா ஊரே பார்க்குது ஒரு ராஜா படம். அத்த உட்டுட்டு மூணே வாரம் ஓடுன குடும்பப் படத்தப் போட்டுக்கிறே?"

"ராஜா படத்துக்குக் கைதட்டுனாங்க, தண்ணி கேக்கலடா. இந்தப் படம் வுட்டதும் பொம்பளைங்க செம்ப வாங்கிக் கையில வச்சிக்கினு குடிக்காமயே நின்னாங்க. மூணு வாரமும் அப்படித்தான்."

"நடிகை? அந்த அம்மா மூஞ்சியே நீ பார்த்ததில்லியே."

"மூஞ்சி எதுக்கு? அழற சத்தத்துல பொய் இருந்தா காதுக்குத் தெரியும்."

பிறகு கூப்பனின் அடியில் தன் பெயரை மிக மெதுவாக எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.

"நாற்காலி எனக்கு வேணாண்டா. நீயும் உனக்கு வரப்போறவளும் போய் உக்காருங்க. என் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட அடிக்கல, வாய்ச் சொல்லாத்தான் கூப்புட்டாங்க. என் பேரு ஒரு வாட்டி அச்சுல வந்தாப் போதும்."

உறைக்குள் வைத்து, தபால்தலையின் பின்னால் சோற்றுக் கஞ்சியைத் தடவி ஒட்டி, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தாள். திண்டிவனத்தில் என் அலுவலகத்துக்கு எதிரேயே தபாலாபீஸ் என்பதால் மறுநாள் என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

இதழின் முகவரியும் அக்கா பெயரும் எழுதியிருந்த அந்த உறையை என் மேஜைமேல் பார்த்தார் தலைமை எழுத்தர். அப்போது எனக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பெண் வீட்டுக்குத் தூரத்து உறவு.

"என்னா தம்பி, அக்கா சினிமாப் புத்தகத்துக்கெல்லாம் எழுதுதா? பேரு கீரு வந்துட்டா எங்காளுங்க என்னா சொல்வாங்க? அறுத்த பொண்ணு இருக்கிற வூடு, சினிமாப் பைத்தியம்னு ஆயிடப் போவுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். உறையை மேஜை இழுப்பறையில் போட்டேன்.

நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று பத்து நாட்கள் போயின. எதிரே தபால் பெட்டி சன்னல் வழியாகத் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசித் தேதி கடந்த பிறகு உறையைக் கிழித்து அலுவலகக் குப்பையோடு போட்டேன். மறதி என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறதி இல்லை. அவள் தோற்றுவிடுவாள் என்று நினைத்திருந்தால் அன்றே போட்டிருப்பேன். தோற்றவள் பெயரை யார் அச்சடிக்கப் போகிறார்கள்? வாய்தான் அவளைக் கேலி செய்தது. அவள் ஜெயித்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

விழாவுக்கு மறுநாள் செய்தித்தாளில் பரிசு பெற்றவர்கள் பட்டியல் வந்தது. அக்கா தன் பதில்களை நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தாள். இரண்டையும் தரையில் விரித்து, விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். ஆறும் சரி.

"டேய், ஆறும்டா!" என்றாள். அவள் முகம் அப்படி இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

மூன்று வாரம் தபால்காரரை எதிர்பார்த்தாள். பிறகு இதழ் வந்தது. ஐந்து சரியாகச் சொன்ன யாரோ ஒருவருக்குப் பரிசு. ஆறும் சரியாக எழுதியவர் எவரும் இல்லை என்று போட்டிருந்தது. அதை இரண்டு முறை படித்தாள்.

"தபால்ல போட்டியாடா?"

"போட்டேங்கா."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஸ்டாம்புதான் உழுந்திருக்கும். அன்னிக்குக் கஞ்சி தண்ணியா இருந்துச்சி. என் புத்தி!"

அதன்பின் எங்கள் வீட்டிலிருந்து போன எந்தக் கடிதத்துக்கும் அவளே கெட்டிக் கஞ்சி காய்ச்சினாள். ஒட்டிய உறையை அம்மியின் அடியில் வைத்து, காய்ந்த பின்தான் கொடுப்பாள். டிக்கெட் கிழிக்கிறவர் எத்தனை குடம் என்று கேட்டால், "எனக்கு இன்னாண்ணா தெரியும்?" என்று உள்ளே போய்விடுவாள். செம்பும் குடமும் வாசலில் இருக்கும். அவள் இருக்க மாட்டாள்.

எனக்குத் திருமணம் நடந்தது. அழைப்பிதழில் மாமன்கள், பெரியப்பாக்கள் பெயரெல்லாம் இருந்தன. அக்கா பெயரைப் போடக் கூடாது என்றார்கள், நான் எதிர்க்கவில்லை. முதன்முறை விருந்துக்குப் போனபோது என் மாமனார் கூடத்தில் அதே இதழை மடியில் வைத்து, கூப்பனைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, வாங்க வாங்க. படிச்சவரு, நீங்க சொல்லுங்க. இந்த வருசம் யாருக்குக் குடுப்பான்? போன வருசம் எனக்கு ரெண்டுதான் சரியா வந்துச்சி."

 வெயில் என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது ஒருநாள், "அக்கா, அந்தக் கூப்பன்..." என்று தொடங்கினேன்.

"இன்னுமாடா அத்த நெனச்சிக்கினு இருக்கே?" என்று சிரித்தாள். "உடுடா. கஞ்சி தண்ணியா இருந்ததுக்கு நீ இன்னா பண்ணுவே?"

அவளே ஒரு பதிலைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

கருமாதிப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். அச்சாபீஸில் மை காயாத முதல் பிரதியைக் கொடுத்து, பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நடுவில் பெரிய எழுத்தில் அக்கா பெயர் இருந்தது. பிழை இல்லை.

தபால்தலைகளை நானே கெட்டிக் கஞ்சி தடவி ஒட்டினேன். திண்டிவனத்தில் அதே பெட்டியில் போட்டேன். எல்லாம் போய்ச் சேர்ந்தன.