தாம்பூலப் பையில் வந்த போர்டு

பூபாலன் ஒரு பயந்தாங்கொள்ளி. முகத்துக்கு நேரே சொன்னாலும் ஒப்புக்கொள்வார். சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்தே வளர்ந்தவர், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. பக்கத்து அணு ஆராய்ச்சி வளாகத்தில் ரொம்ப வருஷமாகக் கான்ட்ராக்டில் தோட்டவேலை. ஆனாலும் கேட்டில் துப்பாக்கியோடு நிற்கிற காவலரைப் பார்த்தால் இன்றைக்கும் கேட்பதற்கு முன்பே கழுத்துப் பாஸைத் தூக்கிக் காட்டுவார்.

இவருக்கு ரூத் என்று ஒரு பெண். டிப்ளமா முடித்தவள், பயமா, அது என்ன விலை என்று கேட்கிற ரகம். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி, டிஸ்க் இல்லாமலே கேம் ஓடும்படி மாற்றி வைத்திருந்தாள். அதில் ஒரு தொல்லை. கரண்ட் போனால் பெட்டி அந்த மாற்றத்தை மறந்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். அதற்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை ஒயரால் பெட்டியோடு இணைத்திருந்தாள். பெட்டியை ஆன் செய்தால் போதும், மீதியைப் போர்டு பார்த்துக்கொள்ளும். "திருட்டு கேமுக்குப் போலீஸ் வரும்மா" என்று பூபாலன் புலம்பிக்கொண்டே இருப்பார்.

புலம்புவதற்குக் காரணம் இருந்தது. அதே வளாகத்தில் ரூத்துக்கு அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்திருந்தது. ஆள் எப்படி என்று பார்க்கிற போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. அது முடிகிறவரை வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம்.

அன்று காலை ஆணியில் இரண்டு தாம்பூலப் பைகள் தொங்கின. இரண்டும் ஒரே கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பைகள். ஒன்றில் அவருடைய இட்லி டப்பா. இன்னொன்றில், மாமல்லபுரத்துச் சிநேகிதி கவியாவிடம் காட்ட ரூத் எடுத்து வைத்த போர்டு, ஒயர், பவர் பேங்க். பஸ் வருகிற அவசரத்தில் மனிதர் எதையோ உருவிக்கொண்டு ஓடினார்.

கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டுப் பையை ஸ்கேனரில் வைத்தார். பெல்ட் நின்றது. காவலர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையைத் திறந்ததும் பூபாலனுக்கு உயிரே போய்விட்டது. மகள் பெயர் வாயில் வந்தால் அவள் பயிற்சி அதோடு போச்சு.

பாதுகாப்பு அதிகாரி கிருபாகரன் அறையில் அவரை நிறுத்தினார்கள். மேஜைமேல் போர்டு.

"இது யாரோடது?"

"என்துதான் சார். கேம் பெட்டிக்கு. கரண்ட் போனா பெட்டி மறந்துடும், இது ஞாபகப்படுத்தும்."

"நீங்களே செஞ்சீங்களா?"

"ஆமா சார்."

"இந்த ஒயரை எதுல சொருகணும், காட்டுங்க."

போர்டில் நாலைந்து ஓட்டைகள் இருந்தன. பூபாலன் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். ஒயரைத் தலைகீழாகப் பிடித்திருந்ததில் எதிலும் நுழையவில்லை.

"வீட்ல படிச்ச பிள்ளைங்க யாராவது?"

"எனக்குப் புள்ளைங்களே இல்ல சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பாவி மனுஷன், பெற்ற பெண்ணை இல்லையென்று சொல்லிவிட்டார். அழுகை முட்டியது. அழுதால் மாட்டிக்கொள்வோம் என்று அதையும் விழுங்கினார்.

அதற்குள் காவலர் ஒருவர் ரூத்தை அழைத்து வந்தார். பையைத் திறந்து இட்லியைக் கண்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்து வந்திருக்கிறாள்.

"சார், போர்டு என்துது. நான்தான் செஞ்சேன். அப்பாக்கு ஒண்ணும் தெரியாது."

"நீ யாரும்மா?"

"இவரு பொண்ணு சார்."

"இல்ல சார், இது யாருன்னே எனக்கு..." என்று பூபாலன் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

கிருபாகரன் போர்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "மறந்து எடுத்துட்டு வந்ததுன்னா எச்சரிச்சு விட்டிருப்பேன் பெரியவரே. இங்க நின்னு பொய் சொன்னீங்களே, அதை விட முடியாது. பாஸைக் கழட்டி வைங்க." ரூத்திடம், "உன் மேல எதுவும் இல்லம்மா, போ" என்றார்.

வெளியே வந்து ரோட்டோர மரத்தடியில் நின்றார்கள். ரூத்துக்குக் கண் நிறைந்திருந்தது.

"உண்மையைச் சொல்லியிருந்தா வேலை போயிருக்காதேப்பா. இன்னாத்துக்கு இப்டி பண்ண?"

"கோச்சுக்காதம்மா. இன்னொரு தபா கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்வேன்" என்றார் பூபாலன்.