கௌத்தேலா

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பினாங்கில், தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர், போர்த்துக்கீசிய வம்சம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் கொல்லையில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்று எனக்கு ஏதாவது சொல் சொல்லித் தருவார். ஒருநாள் என் நோட்டின் முதல் பக்கத்தில் 'கௌத்தேலா' என்று எழுதினார். ஜாக்கிரதை என்று அர்த்தமாம். லத்தீனில் பிறந்து, போர்த்துக்கீசியம், ஸ்பானியம், இத்தாலியம் மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதாம். எல்லாருக்கும் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டிருக்கிறது பார் என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வயது.

ஜாக்கிரதையில் என் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்காக வந்தவர். வெள்ளைக்காரன் கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் ராஜாவின் கிரீட முத்திரை இருந்தது. அகப்பட்டால் ஒற்றன் என்று பிடித்துப்போவார்கள். எரித்துவிடுங்கள் என்று நானும் டீச்சரும் சொல்லிப் பார்த்தோம். அப்பா அதை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்தார். பானையில் அரிசியே இல்லை என்பது வேறு விஷயம்.

சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிக் காலை வரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் ஆளுக்கொரு புத்தகம் எடுத்து முதல் வரியை அப்பாவுக்கு முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். நான் என் நோட்டை வைத்தேன். அப்பா சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். இத்தனை வருசம் சோறு போட்டதுக்குப் பூசை இல்லையா என்றார்.

மத்தியானம், பூசை முடிந்த கையோடு, வேலிக்கு அப்பாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "கௌத்தேலா! கௌத்தேலா!"

எட்டிப் பார்த்தேன். ஜப்பான் சிப்பாய்கள் ஒளித்துவைத்த ரேடியோ தேடி வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இன்னும் நாலு வீடு இருந்தது. ஓடிவந்து சர்வீஸ் புத்தகத்துக்குக் கையை நீட்டினேன்.

"தொடாதை பிள்ளை! நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்," என்றார் அப்பா.

"வாறாங்கள் அப்பா!"

"சாமி இடத்திலை கை வைக்கமாட்டாங்கள். நீ சும்மா இரு."

கையை இழுத்துக்கொண்டேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நாலு வீடு என்பது நிறைய நேரம். அப்பாவைத் தள்ளிவிட்டு எடுத்து அடுப்பில் போட்டிருக்கலாம். ஓர் அதட்டலுக்கு அடங்கிப்போனேன், அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

சிப்பாய் வேறெதையும் தொடவில்லை. மேலே இருந்ததை எடுத்து, சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். கிரீடம் தெரிந்தது. அப்பாவைச் சட்டை போடக்கூட விடாமல் லாரியில் ஏற்றினார்கள். நானும் அம்மாவும் வாசலில் இடுப்பு வளையக் குனிந்து நின்றோம். நிமிர்ந்தால் அறை விழும். அதனால் அப்பா போவதைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அம்மா குளித்துவிட்டு வந்து என் நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "படி," என்றாள். எதிரே அப்பா உட்காரும் பலகை போட்டிருந்தது. திறந்தேன். டீச்சரின் கையெழுத்து. உரக்க வாசித்தேன்.

"நேற்று டீச்சர் கத்தினதும் இதுதானே? என்ன பிள்ளை அர்த்தம்?" என்று கேட்டாள் அம்மா.

தெரியாது என்றேன். அப்பா திரும்பி வரவேயில்லை. அம்மாவும் அதன் பிறகு கேட்கவில்லை.